பெயருள்ள தீ

இரவு பத்தே காலுக்கு ஷ்ரத்தா காமத் அழைக்கிறாள்.
வெளியூர்ப் பதிப்பு அப்போதுதான் வேனில் ஏறியிருந்தது,
யாரோ அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள்.
குரலில் கோபமில்லை.
கோபப்படாமல் பேசத்தான் அந்தக் கம்பெனி
அவளுக்குச் சம்பளம் தருகிறது.
"ஒரு தலையணை கருகினதுக்கு முதல் பக்கமா சார்?
இது நியாயமா, நீங்களே சொல்லுங்க."

கம்மனஹள்ளியில் ஒரு மாடிவீடு.
சார்ஜரில் கிடந்த போன் புகைந்து
தலையணையில் உள்ளங்கை அகலம் ஓட்டை.
ஆளுக்குக் காயமில்லை. பூனை மட்டும்
மூன்று நாளாய் அந்த அறைக்குள் போகவில்லையாம்.
ஃபைரோஸ் அதையும் எழுதியிருந்தான், நான் வெட்டினேன்.
தலைப்பு என்னுடையது:
கம்பெனியின் பெயர், ஓர் ஆச்சரியக்குறி,
எட்டுப் பத்தி அகலத்துக்கு.

நியாயமில்லைதான்.
கோடிப் பேர் கையில் இருப்பதில் ஒன்று புகைந்தால் செய்தி.
மிச்சமெல்லாம் அன்று காலை
ஒழுங்காக அலாரம் அடித்து ஆட்களை எழுப்பியது
எந்தப் பதிப்பிலும் வராது.
அந்த போனுக்குப் பேட்டரி மாற்றியது
எஸ்.பி. ரோட்டில் ஒரு படிக்கட்டுக் கடை,
முந்நூற்றைம்பது ரூபாய், ரசீது கிடையாது.
இதுவும் செய்தியில் இருந்தது,
கடைசிப் பாராவில்.
கடைசிப் பாரா வரை
என் மனைவியே படிப்பதில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
"பார்க்கிறேன்" என்றேன்.

போன மாதம்
அரண்மனை மைதானத்துப் பக்கம் ஒரு ஓட்டலில்
அதே கம்பெனியின் புது மாடல் வெளியீடு.
அன்றும் முதல் பக்கம்தான்.
கேமரா நிலவின் பள்ளங்களை எண்ணுகிறது என்று எழுதினோம்.
எண்ணிக்கை சரியா என்று யாரும் பார்க்கவில்லை.
சாப்பாட்டில் நண்டு இருந்தது.
இது நியாயமா சார் என்று
அன்றிரவு எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம்.

செவ்வாய்க்கிழமை லக்கெரேயில்
தகரக்கூரை வீட்டில் இன்னொரு போன் வெடித்தது.
அம்மா பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் காஜா எடுக்கிறாள்.
பையன் ஏழாம் வகுப்பு, தீட்சித்.
வலது கையில் இரண்டு விரல்.
அந்த போனுக்கும் பெயர் இருந்தது,
முதுகில், பொன்னிறத்தில்,
ஆங்கிலம் மாதிரித் தோன்றும் ஏதோ ஒன்று.
தேடினோம்.
அப்படியொரு கம்பெனி எங்கும் இல்லை.
மறுப்புத் தெரிவிக்க அதற்கு ஒரு காமத்தும் இல்லை.
"பேர் தெரியாத போன், யார் படிப்பா?"
ஆசிரியர் குழுவில் இப்படிக் கேட்டது யாரென்று
ஃபைரோஸ் மறந்திருப்பான்.
நான்தான் கேட்டேன்.

ஏழாம் பக்கம், ஒற்றைப் பத்தி, ஆறு வரி:
செல்போன் வெடித்துச் சிறுவன் காயம்.
விரல்கள் ஆறு வரிக்குள் வரவில்லை.
கீழே ஆழ்துளைக் கிணறு விளம்பரம்.

பதினொன்று நாற்பது.
நகரப் பதிப்பு மூட இன்னும் இருபது நிமிடம்.
தலைப்பைச் சின்னதாக்கு என்றேன்.
நாகேஷ் எட்டை நான்காக்கினான்,
ஆச்சரியக்குறியைத் தூக்கினான்.
பக்கத்தில் ஒரு வெள்ளை ஓட்டை விழுந்தது,
கிட்டத்தட்ட ஆறு வரி.

"லக்கெரே பையனைப் போடலாமா?"
"அது செவ்வாய்க்கிழமையே வந்தாச்சு சார்."
உண்மைதான். வந்தாச்சு.

காமத் அனுப்பிய விளக்கம் மெயிலில் காத்திருந்தது.
வாடிக்கையாளர் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு என்று தொடங்கி
அளந்து தைத்தது போல
ஆறே வரி.
போட்டோம்.

என் போன் மேசையோரம் சார்ஜில் கிடக்கிறது.
வீட்டுக்குக் கிளம்பும்போது கை வைத்துப் பார்த்தேன்.
சூடாகத்தான் இருக்கிறது.
எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.